பாய்லர் தொழிற்சாலைக்குப் போன பிரசவ டாக்டர்

1955-ம் ஆண்டு ஜூலை மாதம் 21-ந் தேதி.

ஸ்காட்லாந்து நாட்டில், கிளாஸ்கோ நகருக்குப் பக்கத்தில் ரென்பிரு என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தது. பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்பது அதன் பெயர். ராட்சத பாய்லர்கள் செய்கிற தொழிற்சாலை அது.

அன்று அதன் வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. உயரமான ஒரு மனிதர் இறங்கினார். அவர் பாய்லர் வாங்க வந்தவர் அல்ல. என்ஜினீயரும் அல்ல. பிரசவ டாக்டர்!

கார்களின் பின்பெட்டிகளைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவற்றைப் பார்த்தால் பயந்த மனம் உள்ளவர்கள் மயங்கி விழுந்திருப்பார்கள். பெண்களின் வயிற்றில் இருந்து ஆபரேஷன் செய்து எடுத்த கட்டிகள் அவை. சில கல் போன்ற கட்டிகள். சில நீர் நிறைந்த கட்டிகள்.

தொழிற்சாலைக்காரர்களும் ஒரு பொருளைத் தயாராக வைத்து இருந்தார்கள். ஒரு பெரிய மாட்டு இறைச்சித் துண்டு. கட்டியையும் நல்ல சதையையும் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டி இருந்தது.

அந்த டாக்டரின் பெயர் அயன் டொனால்ட். இன்று கர்ப்பிணிப் பெண்கள் ஸ்கேன் எடுத்துக் கொள்கிறார்கள் அல்லவா? கருவில் இருக்கும் குழந்தை கை காலை அசைப்பதைத் திரையில் பார்த்துத் தாயும் தந்தையும் பூரித்துப் போகிறார்கள் அல்லவா? அதற்குக் காரணமானவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர். அந்தக் கலையை மருத்துவ உலகுக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவரே.

தாய் தந்தை இல்லாத பையன்

அயன் டொனால்ட் 1910-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள லிஸ்கர்டு. குடும்பத்தின் பூர்வீகம் ஸ்காட்லாந்து. தந்தையும் டாக்டர்தான். தாய் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். அந்த ஆசை மகனுக்கும் ஒட்டிக் கொண்டது. கடைசி வரை அவர் பியானோவை விடவில்லை.

தந்தைக்கு உடல்நிலை சரியில்லை. நல்ல வெயில் உள்ள நாட்டில் வாழ்ந்தால் தேறலாம் என்று குடும்பமே தென் ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. தேறுவதற்குப் பதில் இடி விழுந்தது.

1927-ம் ஆண்டு அந்த வீட்டுக்குள் தொண்டை அடைப்பான் நோய் புகுந்தது. தாய் இறந்தார். சில மாதங்களில் தந்தையும் இறந்தார். மூத்த பிள்ளை அயனுக்கு அப்போது 16 வயது. அவருக்குக் கீழே மூன்று பேர். வீட்டைக் கவனித்து வந்த பெண்மணி ஒருவர்தான் அந்தப் பிள்ளைகளை விட்டுவிடாமல் வளர்த்து ஆளாக்கினார்.

அயன் முதலில் படித்தது மருத்துவம் அல்ல. கேப்டவுன் நகரில் மொழிகளும் இசையும் படித்து பி.ஏ. பட்டம் வாங்கினார். பிறகுதான் லண்டனுக்கு வந்து, செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் கல்லூரியில் சேர்ந்தார். 1937-ம் ஆண்டு டாக்டர் ஆனார். அதே ஆண்டு திருமணமும் நடந்தது. மணமகள் அலிக்ஸ், தென் ஆப்பிரிக்காவில் ஒரு விவசாயியின் மகள். இவர்களுக்கு நான்கு பெண் குழந்தைகள்.

எரியும் விமானத்துக்குள்

அப்போது இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1942-ம் ஆண்டு டொனால்ட் பிரிட்டிஷ் விமானப் படையில் டாக்டராகச் சேர்ந்தார்.

ஒருநாள் குண்டு வீசும் விமானம் ஒன்று தரையில் மோதித் தீப்பிடித்துக் கொண்டது. உள்ளே காயம்பட்ட வீரர்கள். வீசாத குண்டுகளும் உள்ளேயே இருந்தன. எந்த நிமிடமும் வெடிக்கலாம். டாக்டர் டொனால்ட் யோசிக்கவில்லை. நெருப்புக்குள் புகுந்தார். காயம்பட்டவர்களை வெளியே கொண்டு வந்தார். இந்தத் தீரச் செயலுக்காக 1946-ம் ஆண்டு அவருக்கு எம்.பி.இ. விருது கிடைத்தது.

விருதைவிடப் பெரிய ஒன்றையும் அவர் விமானப் படையில் இருந்து எடுத்துக் கொண்டு வந்தார். அது எந்திரங்களின் மேல் ஏற்பட்ட ஆசை. ரேடார், சோனார் என்ற இரண்டு கருவிகளை அவர் அங்கேதான் அறிந்தார்.

சோனார் என்றால் என்ன? மலை அடிவாரத்தில் நின்று கூப்பிட்டால், கூப்பிட்ட குரல் திரும்பி வருகிறது. மலை பக்கத்தில் இருந்தால் உடனே வரும். தூரத்தில் இருந்தால் தாமதமாக வரும். ஆகவே குரல் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு மலை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். கடலுக்கு அடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஒலியை அனுப்புவது, எதிரொலியைப் பிடிப்பது. அவ்வளவுதான்.

போர் முடிந்தது. டொனால்ட் மறுபடியும் லண்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிறந்த குழந்தை வீரிட்டு அழ வேண்டும். அப்போதுதான் பெற்றவளுக்கு உயிர் வரும். அழாமல், மூச்சு விடாமல் நீலம் பாரித்துக் கிடக்கும் குழந்தைகளைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. அந்தக் குழந்தைகள் மூச்சு விட உதவும் எந்திரங்களைத் தாமே செய்ய முற்பட்டார். குழாய்களும் வால்வுகளுமாக அவர் அறை ஒரு பட்டறை போல ஆயிற்று. சக டாக்டர்கள் அவருக்குக் கிறுக்கு டொனால்ட் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை!

லண்டனில் அவர் ஒரு சொற்பொழிவைக் கேட்டார். பேசியவர் ஜான் வைல்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த டாக்டர். மார்பில் வரும் கட்டியை ஒலி அலைகளைக் கொண்டு ஆராய முடியும் என்று அவர் விளக்கினார். டொனால்டின் மனதில் ஒரு கேள்வி பிறந்தது. மார்பில் முடியும் என்றால் வயிற்றில் ஏன் முடியாது?

1954-ம் ஆண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிரசவ மருத்துவப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அந்தக் கேள்வியையும் மனதில் சுமந்து கொண்டு கிளாஸ்கோவுக்குப் போனார்.

இரும்புக்கு உதவும் எந்திரம்

கிளாஸ்கோ கப்பல் கட்டும் ஊர். இரும்பு உருக்கும் ஊர். பாய்லர் செய்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கனமான இரும்புத் தகட்டில், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒரு விரிசல் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் பாய்லர் வெடித்து ஆட்கள் சாவார்கள். ஆகவே மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் செலுத்திச் சோதிப்பார்கள். விரிசல் இருந்தால் அங்கே ஒலி மோதித் திரும்பும். திரையில் ஒரு கோடு துள்ளி எழும்.

மனிதனின் காது விநாடிக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். இந்த ஒலியோ விநாடிக்கு 20 லட்சம், 30 லட்சம் தடவை அதிரும். சிலவகைப் படிகங்களில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் இப்படி ஒலி எழும். எதிரொலி வந்து மோதினால் அதே படிகம் மின்சாரம் தரும். இந்தப் படிகங்களின் குணத்தை 1880-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் மேரி கியூரியை மணந்த பியரி கியூரி.

டொனால்டிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணியின் கணவர், பாய்லர் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவர். அவர் மூலமாகத்தான் தொழிற்சாலைக் கதவு திறந்தது. கார்களில் கட்டிகள் போய்ச் சேர்ந்ததும் இப்படித்தான்.

சோதனை தொடங்கியது. நீர்க்கட்டியின் மேல் கருவியை வைத்தார்கள். ஒலி நீருக்குள் தடை இல்லாமல் ஓடி, எதிர்ப்பக்கச் சுவரில் மோதித் திரும்பியது. திரையில் முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு. நடுவே வெறுமை. திண்ணிய கட்டியின் மேல் வைத்தபோது காட்சி வேறாக இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவருக்கும் புரியும்படி இருந்தது. இறைச்சித் துண்டும் தன் பங்குக்குச் சாட்சி சொல்லியது.

டொனால்ட் அன்று மாலை எவ்வளவு மகிழ்ச்சியோடு திரும்பி இருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றைக் கிழிக்காமலே, உள்ளே இருப்பது நீரா, சதையா என்று சொல்ல வழி பிறந்துவிட்டது!

டெலிபோன் மணி அடித்தது

ஆனால் மேஜையில் கிடக்கும் கட்டி வேறு. உயிருள்ள பெண்ணின் வயிற்றில் இருக்கும் கட்டி வேறு. டொனால்டுக்கு இரவலாகக் கிடைத்த எந்திரம் பழையது. தோலுக்கு அருகில் இருப்பதை அது சரியாகக் காட்டவில்லை. அதற்காக, அடியில் ரப்பர் கட்டிய பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை நிரப்பி, அதை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார்கள். வாளி சாயும். தண்ணீர் கொட்டும். கட்டில், மெத்தை எல்லாம் நனையும். நோயாளிகள் பொறுமைசாலிகள்!

இந்த நேரத்தில் டாம் பிரவுன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். வயது 23. கெல்வின் அண்டு ஹியூஸ் என்ற கருவிக் கம்பெனியில் என்ஜினீயர். அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவர் ஆஸ்பத்திரியில் விளக்குப் பொருத்தும் வேலைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒரு பேராசிரியர், இரும்பில் விரிசல் பார்க்கும் எந்திரத்தை மனிதர்கள் மேல் வைத்துப் பார்க்கிறார் என்று வேடிக்கையாகச் சொன்னார். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பிரவுன் சிரிக்கவில்லை. டெலிபோன் புத்தகத்தில் பேராசிரியரின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினார். நேரில் போய் எந்திரத்தைப் பார்த்தார். அதில் உள்ள கோளாறு அவருக்கு உடனே புரிந்தது. புதிய எந்திரம் ஒன்று வந்தது.

டொனால்ட், டாம் பிரவுன், அவர்களோடு ஜான் மக்விக்கர் என்ற இளம் டாக்டர். இந்த மூவரும் சேர்ந்துதான் பிறகு நடந்தவை எல்லாம். பேராசிரியரின் பெயர் உலகம் எங்கும் பரவியது. இளைஞர் பிரவுனின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. இது நியாயம் அல்ல என்று பிற்காலத்தில் பலர் எடுத்துச் சொன்னார்கள்.

சாக இருந்த பெண்

ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணி சேர்க்கப்பட்டு இருந்தார். வயது அறுபதுக்கு மேல். வயிறு பானை போல வீங்கி இருந்தது. உடல் மெலிந்துகொண்டே போயிற்று. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த டாக்டர்கள் இரைப்பையில் புற்றுநோய் என்று முடிவு செய்தார்கள். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று கைவிட்டார்கள். வீங்கிய வயிற்றில் இருப்பது புற்றுநோயால் சேர்ந்த நீர் என்பது அவர்கள் எண்ணம்.

டொனால்டும் மக்விக்கரும் தங்கள் கருவியை அந்த வயிற்றின் மேல் வைத்தார்கள். புற்றுநோயால் நீர் சேர்ந்து இருந்தால் அதில் குடல்கள் மிதக்கும். எதிரொலி இங்கும் அங்கும் சிதறி வரும். திரையிலோ அப்படி இல்லை. ரென்பிரு தொழிற்சாலையில் பார்த்த அதே காட்சி! முன்னால் ஒரு சுவர், வெகு ஆழத்தில் இன்னொரு சுவர், நடுவே வெறுமை.

அது புற்றுநோய் அல்ல. ஒரு பெரிய நீர்க்கட்டி என்று டொனால்ட் உறுதியாக நினைத்தார். வயிற்றைத் திறந்தார்கள். அவர் நினைத்தது சரி. சினைப்பையில் வளர்ந்திருந்த பிரமாண்டமான கட்டி அது. அதை வெட்டி எடுத்தார்கள். சாவின் வாசலில் நின்ற பெண் பிழைத்து எழுந்தார்.

அந்த நாள் முதல் ஆஸ்பத்திரியில் கேலிப் பேச்சு குறைந்தது. எந்திரம் பழைய மூலையில் இருந்து நோயாளிகள் இருக்கும் இடத்துக்கு வந்தது.

கோட்டில் இருந்து படத்துக்கு

அதுவரை திரையில் தெரிந்தவை வெறும் கோடுகள். அவற்றைப் படித்துப் பொருள் சொல்வது நாடி பிடித்துச் சொல்வது போல. பிரவுன் அதோடு விடவில்லை. கோடுகளைப் புள்ளிகள் ஆக்கி, புள்ளிகளைச் சேர்த்து உருவம் ஆக்க வேண்டும் என்று முனைந்தார். நோயாளிகள் கட்டிலில் இருந்தபடி சாப்பிடுவதற்காக ஆஸ்பத்திரிகளில் ஒரு மேஜை இருக்குமே, அதையே சட்டமாக வைத்து முதல் எந்திரத்தைக் கட்டினார். கருவியைத் தோலின் மேலேயே வைத்து நகர்த்தலாம். தண்ணீர் வாளி ஒழிந்தது! தோலில் ஆலிவ் எண்ணெய் தடவிக் கொண்டார்கள். கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாது. எண்ணெய் அந்தக் காற்றைத் தடுக்கும். இன்று ஸ்கேன் எடுக்கும்போது குளிர்ச்சியாக ஒரு பசையைத் தடவுகிறார்களே, அதுவும் இதற்காகத்தான்.

1958-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி லான்செட் என்ற பெயர்பெற்ற மருத்துவ இதழில் மூவரின் கட்டுரை வெளிவந்தது. வயிற்றுக் கட்டிகளின் படங்களோடு, கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் படமும் அதில் இருந்தது. இன்று பார்த்தால் மூடுபனியில் எடுத்த போட்டோ போல இருக்கும். அன்று அது அதிசயம்.

ஏன் அதிசயம்? அதற்கு முன்னால் கருவில் உள்ள குழந்தையைப் பார்க்க எக்ஸ்-ரே ஒன்றுதான் வழி. 1956-ம் ஆண்டு இங்கிலாந்தில் அலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர் ஓர் அபாயத்தைக் கண்டறிந்து சொன்னார். தாயின் வயிற்றில் இருக்கும்போது எக்ஸ்-ரே பட்ட குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் அது. ஒலிக்கு இந்தத் தோஷம் இல்லை. ஆனாலும் டொனால்ட் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. பூனைக்குட்டிகளிடம் சோதித்துப் பார்த்து, மூளைக்குத் தீங்கு ஏற்படவில்லை என்று கண்ட பிறகே துணிந்தார்.

குழந்தையின் தலை எலும்பில் ஒலி பட்டால் எதிரொலி தெளிவாக வரும். இதைக் கொண்டு தலையின் அகலத்தை அளந்தார்கள். ஜேம்ஸ் வில்லாக்ஸ் என்ற டாக்டர் அந்த அளவைச் செம்மைப்படுத்தினார். வாரத்துக்கு வாரம் தலை வளர்கிறதா? வளரவில்லை என்றால் தாயிடம் இருந்து குழந்தைக்குச் சத்துப் போய்ச் சேரவில்லை என்று பொருள். குழந்தை வயிற்றிலேயே வாடிச் செத்துப்போவதற்கு முன் டாக்டர் தலையிட முடிந்தது.

ஒரு டம்ளர் தண்ணீர்

ஆரம்ப மாதங்களில் கர்ப்பப்பை இடுப்பு எலும்புக்குள் மறைந்து இருக்கும். அதன் முன்னால் குடல் இருக்கும். குடலில் காற்று இருக்கும். காற்று இருந்தால் ஒலி போகாது. ஆகவே முதல் மூன்று மாதத்துக் கருவை அந்த எந்திரத்தால் பார்க்க முடியவில்லை.

1963-ம் ஆண்டு வாக்கில் தற்செயலாக ஒரு வழி கிடைத்தது. சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் பரிசோதனைக்கு வந்த பெண்ணின் கர்ப்பப்பை, திரையில் பளிச்சென்று தெரிந்தது! நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளிவிட்டது. அதில் இருந்த நீர், ஒலிக்கு ஜன்னல் போல அமைந்தது. சில வாரமே ஆன கருவையும் பார்க்க முடிந்தது.

ஸ்கேனுக்கு வருகிற பெண்களிடம் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறார்களே, அந்த வழக்கம் இப்படி வந்ததுதான். வரிசையில் உட்கார்ந்து அவதிப்படும் பெண்கள் கிளாஸ்கோ பேராசிரியரை மனதுக்குள் திட்டினாலும் திட்டலாம்!

கைக்கு வந்த கலை

டொனால்ட் பேராசிரியர். மாணவர்களுக்குப் பாடம் சொல்வது அவருடைய முதல் வேலை. அவருடைய வகுப்பில் யாரும் தூங்க முடியாது என்று பெயர். கோபக்காரர், ஆனால் கோபம் நிலைக்காது. பிரசவத்தில் வரும் சிக்கல்களைப் பற்றி அவர் எழுதிய பாடப்புத்தகம் 1955-ல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது. அதை அவர் பெரிய மனிதர் யாருக்கும் சமர்ப்பணம் செய்யவில்லை. தம்மைப் போலவே தவறு செய்து வருந்திய டாக்டர்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். பேராசிரியர்கள் சாதாரணமாகச் செய்கிற காரியம் அல்ல இது.

புதிய எந்திரத்தைக் கற்பிப்பது லேசான வேலையாக இல்லை. எக்ஸ்-ரே என்றால் படம் எடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர். ஒலிப் படம் அப்படி அல்ல. கருவியைப் பிடித்த கையே படத்தை உண்டாக்குகிறது. கை ஒரு விரற்கடை சாய்ந்தால் குழந்தையின் தலை மறைந்து போகும். எலும்புக்குப் பின்னால் நிழல் விழும்; அந்த நிழலை நோய் என்று எண்ணிவிடலாம். எதிரொலி இரண்டு தடவை திரும்பி வந்தால், இல்லாத சுவர் ஒன்று இருப்பதாகத் தோன்றும். எந்திரத்தின் திருகை அதிகமாகத் திருப்பினால் நீர்க்கட்டியும் சதைக்கட்டி போலத் தெரியும். இவ்வளவையும் புத்தகம் படித்துத் தெரிந்து கொள்ள முடியாது. நீச்சலைப் போல, தையலைப் போல, கையில் எடுத்துப் பழக வேண்டும். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நிற்க வேண்டும்.

கையின் சாமர்த்தியத்தை நம்பியே இருக்கக் கூடாது என்று பிரவுன் தானாக இயங்கும் எந்திரம் ஒன்றையும் செய்து, 1960-ல் லண்டன் கண்காட்சியில் வைத்தார். நன்றாகவே இருந்தது. ஆனால் விலை அதிகம், உருவமும் பெரிது. உலகம் கையையே தேர்ந்தெடுத்தது.

கற்றுக் கொள்ள வெளிநாடுகளில் இருந்தும் வந்தார்கள். சுவீடனின் லுண்டு நகரில் இருந்து பெர்ட்டில் சுண்டேன் என்ற டாக்டர் வந்தார். சில வாரம் தங்கிக் கற்றுக்கொண்டு, தம் ஊருக்கும் அந்த எந்திரத்தைத் தருவித்தார். அங்கே பல நூறு பெண்களைச் சோதித்து, 1964-ல் பெரிய ஆராய்ச்சி நூலாக வெளியிட்டார்.

அதே 1964-ம் ஆண்டு கிளாஸ்கோவில் ராணித் தாயார் பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதைத் திட்டமிட்டதில் டொனால்டின் பங்கு பெரிது. ஒலிப் பரிசோதனைக்கு அங்கே தனி இடம் ஒதுக்கினார். அங்கே பழகிய ஸ்டூவர்ட் கேம்பெல், தலையை அளக்கும் முறையை 1968-ல் மேலும் துல்லியமாக்கினார். பிறகு லண்டனுக்குப் போய்ப் பலருக்குக் கற்பித்தார். ஹியூ ராபின்சன் என்ற இன்னொருவர், தலையில் இருந்து முதுகு முடிவு வரை கருவின் நீளத்தை அளந்து, கர்ப்பம் எத்தனை நாள் என்று சொல்லும் வழியை 1973-ல் வெளியிட்டார். பிரசவத் தேதியைக் குறித்துக் கொடுக்கும் ஸ்கேன்களில் அந்த அளவு இன்றும் எடுக்கப்படுகிறது. அந்த ஆஸ்பத்திரி 2010-ல் மூடப்பட்டுவிட்டது. அதன் மாணவர்கள் எடுத்துச் சென்ற வித்தை மூடப்படவில்லை.

ஒரு பெரிய சண்டை

டொனால்டின் வாழ்க்கையில் எல்லாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பகுதியும் உண்டு.

1967-ம் ஆண்டு பிரிட்டனில் கருக்கலைப்பைச் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கும் சட்டம் வந்தது. டொனால்ட் அதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். அதோடு, கருவின் அசைவைத் தினமும் திரையில் பார்த்தவர். அந்த அசையும் படங்களைக் கூட்டங்களில் காட்டினார். கருக்கலைப்பு வேண்டும் என்று வந்த பெண்களுக்கும் காட்டினார். இது கொடுமை என்று பலர் கண்டித்தார்கள். அபர்டீன் நகரில் இருந்த புகழ்பெற்ற பிரசவ டாக்டர் டகால்ட் பேர்டு நேர் எதிர்க்கருத்து உள்ளவர். வறுமையிலும் அடுத்தடுத்த பிரசவத்திலும் நைந்துபோன பெண்களைக் கண்டவர் அவர். இருவரும் ஸ்காட்லாந்தில் வேலை பார்த்தவர்கள். இருவரும் பெண்களின் உயிரைக் காத்தவர்கள். சட்டம் நிறைவேறியது, டொனால்ட் தம் கருத்தைக் கடைசி வரை மாற்றிக் கொள்ளவில்லை.

கருவில் உள்ள குழந்தையைக் காக்கப் பிறந்த எந்திரம் அதைக் கொல்லவும் பயன்பட்டது. நம் நாட்டில் கருவில் இருப்பது பெண் என்று தெரிந்ததும் அதை அழிக்கிறவர்கள் பெருகினார்கள். இதைத் தடுக்க 1994-ம் ஆண்டு பாராளுமன்றம் சட்டம் செய்தது. ஆணா, பெண்ணா என்று சொல்வது குற்றம். 2003-ல் அந்தச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. ஸ்கேன் எடுக்கும் இடங்களில் தொங்கும் எச்சரிக்கைப் பலகைகளை வாசகர்கள் பார்த்து இருப்பார்கள். இரும்பில் விரிசல் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு பலகை தேவைப்படவில்லை.

நோயாளி ஆன டாக்டர்

ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த டொனால்டின் இருதயம் பழுதுபட்டு இருந்தது. அதன் வால்வு சரியாக வேலை செய்யவில்லை. 1961-ல் முதல் ஆபரேஷன். பிறகு இன்னும் இரண்டு. மொத்தம் மூன்று முறை அவர் மார்பைத் திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து வேலைக்குப் போனார். கிளாஸ்கோ வேலையில் பெரும்பகுதி இப்படி மூச்சுத் திணறலுக்கு நடுவில் நடந்ததுதான்.

1973-ல் சி.பி.இ. விருது கிடைத்தது. 1976-ல் ஓய்வு பெற்றார். பிறகு இங்கிலாந்தின் கிழக்கே எசெக்ஸ் பகுதியில் பாகில்ஷாம் என்ற சிறிய கிராமத்தில் மனைவியோடு குடியேறினார். படகு விடுவது, படம் வரைவது, பியானோ வாசிப்பது என்று பொழுது போயிற்று. 1987-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி காலமானார். வயது 76. அந்தக் கிராமத்து மாதா கோவில் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் உயிரோடு இருக்கும்போதே, 1981-ல், அட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள டுப்ரோவ்னிக் நகரில் அவர் பெயரால் ஒரு பள்ளி தொடங்கியது. ஒலிப் பரிசோதனையை டாக்டர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் பள்ளி. தொடங்கியவர் அசிம் குர்ஜாக் என்ற டாக்டர். இந்தப் பள்ளிக்குப் பிறகு பல நாடுகளில் கிளைகள் ஏற்பட்டன.

டொனால்ட் காலத்தில் இது பிரசவ டாக்டர்கள் சிலரின் கலையாக இருந்தது. இன்று மருத்துவக் கல்லூரியில் முதல் ஆண்டு மாணவர்களுக்கே இதைச் சொல்லித் தரும் பழக்கம் பரவி வருகிறது. அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகம் 2006-ல் நான்கு ஆண்டுப் படிப்பிலும் இதைப் புகுத்தியது. எந்திரமும் சுருங்கிவிட்டது. முன்பு ஓர் அறையை அடைத்துக் கொண்டு நின்றது, இப்போது சட்டைப் பையில் அடங்குகிறது. கையில் உள்ள டெலிபோனே அதற்குத் திரை.

இந்த வகுப்புகளில் மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழகுகிறார்கள். ஒருவர் படுத்துக் கொள்வார். மற்றவர் பசையைத் தடவிக் கருவியை வைப்பார். திரை முதலில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கை நடுங்கும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் அந்தக் கையைப் பிடித்துச் சற்றே சாய்ப்பார். கறுப்பாக, நீர் நிறைந்த ஒரு வட்டம் தெரியும். அதுதான் சிறுநீர்ப்பை. அதற்காக, படுத்திருக்கும் மாணவர் வகுப்புக்கு வருமுன் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருப்பார்.